ஐந்து லிட்டர் கேன்

நாங்கள் பாட்காஸ்ட் பதிவு செய்வது ரத்தம் எடுக்கும் அறையில். லேப்பில் இருப்பதிலேயே சின்ன அறை அதுதான். திரையை இழுத்துவிட்டால் கணபதி ரோட்டின் ஹாரன் சத்தம் பாதி குறையும். பேனை நிறுத்திவிடுவோம். பிரிட்ஜை மட்டும் நிறுத்த முடியாது, உள்ளே சாம்பிள் இருக்கும். அது உறுமி அடங்கும்வரை சும்மா உட்கார்ந்திருந்து, அடங்கியதும் பேச ஆரம்பிப்போம். மறுபடி உறுமினால் நிறுத்திக்கொள்வோம். தெர்மாகோல் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் போனை வைத்திருப்போம். பதினைந்து நிமிடப் பேச்சுக்கு ஒன்றரை மணி நேரம் வியர்க்க வேண்டும்.

லேப் டாக்டரம்மாவுடையது. அவர் நோயாளியைப் பார்த்து மருந்து எழுதுகிற டாக்டர் இல்லை. ரத்தத்தையும் சதையையும் மைக்ராஸ்கோப்பில் பார்த்து என்ன நோய் என்று சொல்கிறவர். ஞாயிறு காலை சர்ச் முடிந்ததும் அதே பட்டுப்புடவையோடு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருவார். பேசிப் பதிவு செய்வது அவருடைய யோசனை. ரிப்போர்ட் வாங்க வருகிறவர்கள் கவுண்டரில் கேட்கிற கேள்விக்கெல்லாம் நின்றுகொண்டே பதில் சொல்லி முடியவில்லை, போனில் போட்டுவிட்டால் வீட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொள்வார்கள் என்றார்.

முதல் இரண்டு பதிவில் அவரும் டெக்னீசியனும் பேசினார்கள். பாடப்புத்தகத்தை வாசித்த மாதிரி இருந்தது. ஒரு வாரம் கழித்து எத்தனை பேர் கேட்டார்கள் என்று டாக்டரம்மா விசாரித்தார். டெக்னீசியன் போனைப் பார்த்தார்.

"பதினெட்டுப் பேருங்க மேடம். அதுல பதினொண்ணு நானுங்க."

மூன்றாவது பதிவின்போது நான் வெளியே தரை துடைத்துக்கொண்டிருந்தேன். துடைப்பது, கழுவுவது, டியூப்களில் பேர் ஒட்டுவது, வருகிறவர்களை வரிசையில் உட்காரவைப்பது எல்லாம் என் வேலை. உள்ளே வெறும் வயிற்றில் ரத்தம் கொடுப்பதைப் பற்றி வெகு நேரம் பேசினார்கள். தண்ணீர் குடிக்கலாமா கூடாதா என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. காலையில் வருகிறவர்களில் பாதிப் பேர் நாக்கு ஒட்டிப்போய் வந்து, மயக்கம் வருகிறது என்று சுவரைப் பிடிப்பார்கள். அந்த ஞாபகத்தில் திரைக்கு இந்தப் பக்கமிருந்தே கேட்டுவிட்டேன். பதிவு கெட்டுப்போனது. டாக்டரம்மா திட்டவில்லை. மாப்பை வெளியே வைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்து, அதையே மறுபடி கேள் என்றார்.

நான் ஒன்பதாவதோடு நின்றவள். அதை அவரிடம் சொன்னேன். தெரிந்த மாதிரி நடிக்காமல் கேட்டால் போதும் என்றார். அன்றிலிருந்து கேள்வி கேட்பது நான், பதில் சொல்வது அவர், வெட்டி ஒட்டிப் போடுவது டெக்னீசியன்.

நாலு கலர் மூடியில் எதற்கு நாலு டியூப் ரத்தம், மிச்சத்தை விற்றுவிடுகிறார்களா என்று ஒரு பதிவு. ரிப்போர்ட்டில் ஒரு நம்பர் தடித்த எழுத்தில் வந்தால் ஆள் செத்துப்போவாரா என்று ஒன்று. சுகர் டெஸ்டுக்கு முந்தின மூன்று நாள் மட்டும் நடந்து, பத்தியம் இருந்து, டாக்டரிடம் நல்ல பேர் வாங்கிவிட்டு, வருகிற வழியில் பேக்கரியில் ஏறுகிறவர்களைப் பற்றி ஒன்று. அது நன்றாக ஓடியது. இது எங்கள் வீட்டுக்காரரைப் பற்றித்தானே என்று நிறைய பேர் எழுதினார்கள்.

ஒன்று விடாமல் கேட்டது என் அம்மா. அம்மா வீட்டில் மோட்டார் காயில் சுற்றுகிறாள். பம்ப் மோட்டாருக்குச் செம்புக் கம்பியை அச்சில் சுற்றிக் கட்டித் தரும் வேலை. கையால் சுற்றுகிற மெஷின். எத்தனை சுற்று ஆனது என்று காட்ட அதில் ஒரு சின்ன மீட்டர் இருக்கும், எண்ண வேண்டியதில்லை. கைக்குத்தான் வேலை, காது சும்மா இருக்கும். பக்கத்தில் போனை நிறுத்திவைத்துக் கேட்பாள். வியாழன் காலை புதுப் பதிவு வரும். நான் சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே, "அந்தம்மா பேசிட்டு இருக்கறப்ப நீ எதுக்குக் கண்ணு குறுக்க சிரிச்சே?" என்பாள்.

இத்தனைக்கும் அம்மாவுக்கு லேப் என்றாலே ஆகாது. நான் இந்த வேலைக்குப் போக ஒரு மாதம் சம்மதிக்கவில்லை. என் அண்ணனைக் கொன்றது ஒரு லேப்தான் என்று அவள் நம்பியிருந்தாள்.

அண்ணன் என்னைவிட நாலு வயது மூத்தவன். எங்கள் ஏரியா கணபதியிலேயே ஒரு பட்டறையில் லேத் ஓட்டினான். இருபத்தாறு வயதில் ஒரு நாள் காலையில் முகம் உப்பி எழுந்தான். கால் வீங்கியது. கிட்னி வழியாகப் புரதம் ஒழுகுகிறது என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒரு நாள் முழுக்கப் போகிற சிறுநீரை நர்ஸ் சேர்த்துவைத்து அனுப்பியதில் நாலு கிராம் புரதம் இருந்தது. மாத்திரையில் வீக்கம் வடிந்து வீட்டுக்கு வந்தான், வேலைக்கும் போனான். ஆறு வாரம் கழித்து அதே டெஸ்டை வெளியே ஒரு லேப்பில் எடுத்துவரச் சொன்னார் கிட்னி டாக்டர். புரதம் குறையவில்லை என்றால் கிட்னியில் ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்.

ரிப்போர்ட்டில் இரண்டு கிராமுக்கும் கீழே வந்தது. டாக்டருக்குச் சந்தோஷம். சதை எடுப்பதைத் தள்ளிவைத்தார். மாத்திரையைக் குறைத்தார். மூன்றாம் மாதம் அண்ணனுக்கு உடம்பெல்லாம் மறுபடி வீங்கியது. காய்ச்சல் வந்தது, நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக்குப் போன ஐந்தாம் நாள் இறந்துபோனான்.

அங்கே வார்டில் ஒரு சின்ன டாக்டர் பழைய பைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, போன டெஸ்ட் நன்றாகத்தானே இருக்கிறது, அதற்குள் எப்படி இவ்வளவு மோசமானது என்று பக்கத்தில் நின்ற நர்ஸிடம் கேட்டார். அம்மா அதைக் கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து அவளுக்கு அது ஒன்றுதான் பேச்சு. பொய் ரிப்போர்ட் கொடுத்து என் பையனைக் கொன்றுவிட்டார்கள் என்று துக்கம் கேட்க வந்தவர்களிடம் சொன்னாள். காயில் எடுக்க வரும் ஆட்டோக்காரரிடம் சொன்னாள். ரேஷன் கடை வரிசையில் முன்னே பின்னே தெரியாதவர்களிடம் சொன்னாள். அந்த லேப் சிங்காநல்லூரில் இருக்கிறது. யாராவது அந்தப் பக்கம் போவதாகச் சொன்னால், அங்கே மட்டும் போய்விடாதீர்கள் என்று இடத்துக்கு அடையாளமும் சொல்லுவாள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அண்ணன் போய்ப் பத்து மாதம் ஆனபோது, உடுமலைப்பேட்டையிலிருந்து ஒரு தேங்காய் வியாபாரி எங்கள் பாட்காஸ்ட்டுக்குக் குரல் செய்தி அனுப்பினார். சனிக்கிழமை வந்தது. ஞாயிறு மதியம் பதிவில் அதை அப்படியே போட்டோம்.

"ஏனுங்க அம்மணி, லோடு வண்டில போறப்ப உங்க பேச்சுத்தான் கேக்கறதுங்க. ஒரு நாள் முச்சூடும் போற மூத்தரத்தப் புடிச்சுக் கொண்டாரச் சொல்லி, எனக்கு அஞ்சு லிட்டரு கேனு ஒண்ணு குடுத்துட்டாங்க. அதத் தூக்கிட்டு நாலு பேரு முன்னால போகக் கூச்சமா இருக்குதுங்க. பேரன் பேத்தி எடுத்தவனுங்க நானு. நல்லாக் கலக்கிப்போட்டு ஒரு பாட்டல்ல மட்டும் ஊத்திட்டுப் போனாப் போதாதுங்களா?"

டாக்டரம்மா சிரித்தார். நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். அதைத் தயார் செய்யக்கூட வேண்டியிருக்கவில்லை. கலக்கிவிட்டால் எல்லாம் ஒன்றுதானே, ஒரு சொட்டில் இருப்பதுதானே மிச்சத்திலும் இருக்கும் என்றேன். நன்றாகத் தெரிந்த விஷயத்தைக் கேட்கிற மாதிரிதான் கேட்டேன்.

"கல்யாண வீட்டுல ஒரு டம்ளர் டீ குடிச்சா, எவ்வளவு இனிப்புன்னு சொல்லிடலாம். மொத்தம் எத்தனை கிலோ சக்கரை போட்டாங்கன்னு சொல்ல முடியுமா?" என்றார் டாக்டரம்மா.

"முடியாதுங்க."

"எத்தனை லிட்டர் டீன்னு தெரிஞ்சாத்தான் முடியும். இந்த டெஸ்டுல டாக்டருக்கு வேணுங்கறது மொத்தச் சக்கரை. ஒரு நாள்ல மொத்தம் எத்தனை கிராம் புரதம் வெளிய போகுதுன்னு பாக்கறாங்க. லேப்புல முதல்ல கேன்ல எத்தனை லிட்டர் இருக்குன்னுதான் அளப்போம். அப்புறம் அதுல கொஞ்சம் எடுத்து டெஸ்ட் பண்ணி, மொத்த அளவால பெருக்குவோம். நீங்க வீட்டுலயே பாதிய ஊத்திட்டு வந்தா, பாதிப் புரதம்னுதான் ரிப்போர்ட் வரும். லேப் தப்பாச் சொல்லலை. கொண்டு வந்ததைத்தான் அளக்க முடியும்."

பிரிட்ஜ் உறுமத் தொடங்கியது. வழக்கம்போல நிறுத்தினோம். அது அடங்கியது. டெக்னீசியன் விரலால் சைகை காட்டினார். நான் பேசவில்லை. மறுபடி காட்டினார். கேள்வி மறந்துபோச்சா என்று டாக்டரம்மா கேட்டார்.

அந்த டெஸ்டுக்கு அண்ணன் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துச் சிறுநீர் சேர்த்தான். காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து மறுநாள் காலை ஆறு மணிக்கு முடிக்க வேண்டும். நாங்கள் இருப்பது லைன் வீடு. ஏழு குடும்பத்துக்கு இரண்டு பாத்ரூம். நீர் பிரிகிற மாத்திரை வேறு சாப்பிட்டுக்கொண்டிருந்ததால் அவன் மணிக்கொரு தடவை கேனை மஞ்சப்பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போய் வந்தான். மூன்றாம் வீட்டு அக்கா, கேனில் என்ன என்று கேட்டார்கள். பட்டறைக்குக் கூலண்ட் ஆயில் என்றான் அண்ணன். லேத்தில் இரும்பு சீவும்போது சூடேறாமல் ஊற்றுகிற எண்ணெய் அது. அந்த அக்கா விடவில்லை.

"அப்படின்னா எனக்கு ஒரு கரண்டி ஊத்திட்டுப் போப்பா. கதவுத் தாப்பாளு கிறீச்சு கிறீச்சுங்குது."

தண்ணீர் கலந்த ஆயில், துருப் பிடிக்கும் என்று எதையோ சொல்லித் தப்பித்து உள்ளே வந்து, சுவரில் சாய்ந்து, உட்காருகிறவரைக்கும் சிரித்தான். சிரித்த சிரிப்பில் கண் மூடிப்போய்விட்டது.

திங்கள் காலை அம்மா கம்பி வாங்கக் கம்பெனிக்குப் போய்விட்டாள். அண்ணனுக்கு ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. கேனை நான்தான் கொண்டுபோக வேண்டும். காந்திபுரத்தில் இறங்கி சிங்காநல்லூர் பஸ் மாற வேண்டும். கேனில் பாதிக்கு மேல் இருந்தது. மூடியின் மரை தேய்ந்திருந்தது, சாய்த்தால் ஒழுகியது. காலை நேரத்துக் கூட்டத்தில் அதை மடியில் வைத்துக்கொண்டு எப்படிப் போவது என்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

"அத்தனையையும் வெச்சு அவங்க என்ன பண்ணப் போறாங்க? நல்லாக் குலுக்கிப்போட்டு ஒரு பாட்டல்ல புடிச்சுக்க. மிச்சத்த ஊத்திப்போடு கண்ணு" என்றான். சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

நான் குலுக்கினேன். பெரிய கூல்டிரிங்க்ஸ் பாட்டில் ஒன்றைக் கழுவி நிரப்பினேன். மிச்சத்தைப் பாத்ரூமில் ஊற்றி, மேலே ஒரு வாளி தண்ணீர் விட்டேன். லேப் கவுண்டரில் இருந்த பெண், கேன் எங்கே என்று கேட்டாள். ஒழுகுகிறது, அதனால் பாட்டிலில் கொண்டுவந்தேன் என்றேன். ஒரு நாளைக்கு மொத்தமும் இவ்வளவுதானா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் எழுதிக்கொண்டாள்.

இதை ரத்தம் எடுக்கும் அறையில் டாக்டரம்மாவிடம் சொன்னேன். டெக்னீசியன் போனை எடுத்து அணைத்து, டீ வாங்கி வருவதாக வெளியே போனார். டாக்டரம்மா கடைசிவரை கேட்டார். மறுநாள் அண்ணனுடைய பைலைக் கொண்டுவரச் சொன்னார்.

இரண்டு ரிப்போர்ட்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஆஸ்பத்திரியில் எடுத்ததில் மொத்த அளவு இரண்டாயிரத்து அறுநூறு மில்லி. சிங்காநல்லூர் ரிப்போர்ட்டில் ஆயிரத்து இருநூறு. ஆயிரத்து இருநூறும் ஒரு மனிதனுக்குச் சாதாரணமாகப் போகிற அளவுதான், அதனால் லேப்பில் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள் என்றார். முழுவதும் சேர்த்தார்களா என்று கண்டுபிடிக்க அதே சிறுநீரில் இன்னொரு உப்பை அளந்து பார்க்கலாம், அதை யாரும் கேட்கவில்லை என்றார். கேனைக் கொடுத்தபோது, ஒரு சொட்டுக்கூடக் கொட்டக் கூடாது, எதற்காக என்றால் இதற்காக என்று யாராவது ஒரு நிமிடம் சொல்லியிருக்க வேண்டும் என்றார். நான் அதையெல்லாம் கேட்டுக்கொண்டேன். நான் கேட்க நினைத்தது வேறு.

"நான் ஊத்தாம இருந்திருந்தா இருந்திருப்பானுங்களா மேடம்?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "டாக்டர் அந்த ஒரு ரிப்போர்ட்டை மட்டும் பாத்து முடிவெடுத்திருக்க மாட்டார். வீக்கத்தைப் பாத்திருப்பார், ரத்த டெஸ்டையும் பாத்திருப்பார். ஆனா அந்த ரிப்போர்ட்டும் அதுல ஒண்ணு. இருந்திருப்பானான்னு எனக்குத் தெரியாதும்மா. தெரியும்னு எப்படிச் சொன்னாலும் அது பொய்."

அவர் வேறு ஏதாவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

உடுமலைக்காரருக்கு டாக்டரம்மாவே போன் செய்து, ஊற்ற வேண்டாம் என்று சொல்லியிருந்தார். இப்போது பல பேருக்கு ஒரு சின்ன டப்பா சிறுநீரிலேயே இன்னொரு வகையாகக் கணக்குப் போட்டுவிடலாம், உங்கள் டாக்டரிடம் அது போதுமா என்று கேளுங்கள், அவர் கேன்தான் வேண்டும் என்றால் முழுக்கக் கொண்டுபோங்கள் என்றார். அவரிடமிருந்து புதன்கிழமை பதில் வந்தது. டாக்டர் கேன்தான் வேண்டும் என்றாராம். இவர் லோடு வண்டியில் தேங்காய்க்கு நடுவே கேனை வைத்து எடுத்துப்போனாராம். வழியில் ஒருத்தர் இளநீரா என்று கேட்டாராம்.

அந்த வாரப் பதிவு பாதியில் நின்றிருந்தது. மிச்சத்தில் நானே என்னுடையதைச் சொல்லட்டுமா என்று கேட்டேன். டாக்டரம்மா உடனே சரி என்று சொல்லவில்லை. அம்மா கேட்பாங்கதானே என்றார். கேட்பாங்க என்றேன். அப்படியானால் வியாழக்கிழமைக்குள் அம்மாவிடம் வீட்டில் சொல்லிவிடு, சொல்லவில்லை என்றால் இதைப் போட வேண்டாம் என்றார்.

அடுத்த ஞாயிறு பதிவில் சொன்னேன். பிரிட்ஜ் நாலு தடவை உறுமியது. ஒரே விஷயத்தை நாலு தடவை முதலிலிருந்து சொன்னதில் கடைசித் தடவை எனக்கு அழுகை வரவில்லை. அதைத்தான் போட்டோம். பேர் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் ஒருத்தருக்கு என்றேன், நான் ஊற்றினேன் என்றேன். அண்ணன் ஊற்றச் சொன்னதைச் சொல்லவில்லை.

திங்கள் சாயங்காலம் அம்மாவிடம் சொல்லப் போனேன். காயில் கொடுக்க வேண்டிய நாள், கை ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை மூன்றாம் வீட்டு அக்கா வந்து உட்கார்ந்திருந்தார்கள். புதன்கிழமை யாரும் இல்லை, வேலையும் இல்லை. அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து உருவினேன். கீரை முடிந்தது. மறுநாள் காலை டாக்டரம்மா, வீட்டில் சொல்லிவிட்டாயா என்று கேட்டார். சொல்லிவிட்டேன் என்றேன். பதிவு வெளியானது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அம்மா மெஷின் முன்னால் இல்லை. கம்பி அச்சிலிருந்து அறுபடாமல் தொங்கிக்கொண்டிருந்தது. மீட்டரில் நாற்பத்து மூன்று. அந்தக் காயிலுக்கு நூற்றிருபது சுற்று வேண்டும். அம்மா பாதியில் எழுந்து நான் பார்த்ததில்லை. பின்னால் குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். சோறு போட்டாள். ரசம் ஊற்றினாள். என்னைக் கண்ணு என்று கூப்பிடவில்லை, எப்படியும் கூப்பிடவில்லை. வெள்ளிக்கிழமையும் அப்படியே. அன்று ஆட்டோக்காரர் காயில் எடுக்க வந்தார். அவருடைய மாமனாருக்கு ஏதோ டெஸ்ட் எழுதியிருக்கிறார்கள், சிங்காநல்லூரில் எந்த லேப்புக்குப் போகக் கூடாது என்று சொன்னீர்கள் என்று அவராகவே கேட்டார். அம்மா காயிலை எண்ணி அடுக்கிக்கொண்டே இருந்தாள். அவர் மறுபடி கேட்கவில்லை.

சனிக்கிழமை காலையில் வெளியே போகிற சேலையைக் கட்டிக்கொண்டு, பீரோ மேலிருந்து அண்ணன் பைலை எடுத்தாள்.

"லீவு சொல்லிப்போட்டு வா. சிங்காநல்லூரு போலாம்."

காந்திபுரத்தில் பஸ் மாறி உட்கார இடம் கிடைத்தது. அம்மா ஜன்னல் பக்கம். பைலை மடியில் படுக்கவைத்து அதன்மேல் இரண்டு கையையும் வைத்திருந்தாள். லேப்பில் போய்ச் சண்டை போடுவாளோ என்று நினைத்தேன். என்னை அங்கே நிறுத்திச் சொல்லவைப்பாளோ என்றும் நினைத்தேன். கேட்கத் தைரியம் இல்லை. வெகு தூரம் போன பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அவனுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்வதாகத்தான் பத்து நாளாக மனதுக்குள் வைத்திருந்தேன். செத்தவன்மேல் பழி போட வேண்டாம் என்று.

"அவந்தாம்மா ஊத்தச் சொன்னான். ஊத்தினது நானு."

இரண்டு ஸ்டாப் போயிற்று. கண்டக்டர் எங்களைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தார்.

"பள்ளிக்கூடத்துக்குப் போறப்பவும் பாதிப் புஸ்தகத்த ஊட்லயே வெச்சுட்டுத்தான் போவான். பை கனக்குதும்பான்" என்றாள் அம்மா.

முந்தானையால் ஒரு தடவை முகத்தைத் துடைத்தாள்.

லேப்பில் அன்றைக்கு இருந்த பெண் இல்லை. வேறு ஒரு பெண் இருந்தாள். என் வயதுதான் இருக்கும். வரிசையில் நின்று, எங்கள் முறை வந்ததும் அம்மா கவுண்டருக்கு முன்னால் போய்க் கும்பிட்டாள். அந்தப் பெண் பயந்து எழுந்து நின்றாள்.

"பத்து மாசமா உங்க லேப்பப் பத்தித் தப்பாப் பேசிட்டு இருந்துட்டனுங்க. கண்டவங்ககிட்டயெல்லாம் சொல்லிப்போட்டன். விவரம் தெரியாமப் பேசினதுங்க. மனசுல வெச்சுக்காதீங்க."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"பில் நம்பர் இருக்குங்களாம்மா?"

அம்மா பைலைக் கொடுத்தாள். அவள் நம்பரை அடித்தாள். எங்கள் ரிப்போர்ட் கம்ப்யூட்டரில் அப்படியே இருந்தது. வேறு காப்பி வேண்டுமா என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் அச்சடித்துக் கொடுத்தாள். மொத்த அளவு எங்கே போட்டிருக்கிறது என்று அம்மா என்னிடம் கேட்டாள். நான் விரலை வைத்துக் காட்டினேன். அம்மா அந்த இடத்தில் தன் விரலை வைத்துக்கொண்டு கவுண்டர் பக்கம் தாளைத் திருப்பினாள்.

"இது பாதிதானுங்க. மிச்சம் ஊட்ல ஊத்தினது. இதுல எழுதிக்கங்க."

பழைய ரிப்போர்ட்டை மாற்ற முடியாது என்றாள் அந்தப் பெண். மாற்ற வேண்டாம், எழுதி மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்றாள் அம்மா. எங்களுக்குப் பின்னால் ஆள் சேர்ந்துகொண்டிருந்தார்கள். அவள் உள்ளே யாரையோ எட்டிப் பார்த்தாள், யாரும் வரவில்லை. கடைசியில் கவுண்டர் ஓரத்தில் நூல் கட்டித் தொங்கிய நோட்டை எடுத்துத் தள்ளினாள். வருகிறவர்கள் குறையோ நிறையோ எழுதிவைக்கிற நோட்டு. கடைசியாக யாரோ, ஏசி வேலை செய்யவில்லை என்று எழுதியிருந்தார்கள்.

அம்மா நோட்டை என் பக்கம் நகர்த்தினாள். நான் பில் நம்பரை எழுதினேன். ஒரு நாள் சிறுநீரை முழுவதும் கொண்டுவரவில்லை, பாதிக்கு மேல் வீட்டிலேயே ஊற்றிவிட்டோம், கவுண்டரில் கேட்டபோது இதுதான் மொத்தம் என்று பொய் சொன்னோம், ரிப்போர்ட் உங்கள் தப்பு இல்லை என்று எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டேன்.

"என்ன எழுதினே, படி" என்றாள் அம்மா. படித்தேன். பின்னால் நின்றவர்களும் கேட்டார்கள்.

"பேரு போட்டயா?"

"போட்டேம்மா."

"அவன் பேரையும் போடு கண்ணு."

என் பேருக்கு முன்னால் இடம் இருந்தது. எழுதினேன்.